வெளிநாடு போய்ப் படிக்கப் போகும் டெல்டா பிள்ளைகளுக்கு: டிபி விஷயத்தில் என்னென்ன செய்ய வேண்டும்

மேட்டூரில் தண்ணீர் திறக்கிற ஜூன் மாதத்தில்தான் எங்கள் பக்கம் இந்தக் கேள்வியும் வர ஆரம்பிக்கும். "சார், பையனுக்கு இங்கிலாந்துல சீட் கிடைச்சிருக்கு. செப்டம்பர்ல காலேஜ். நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்றாங்க. ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்பார்கள். மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரத்தில் அரசு காசநோய்ப் பிரிவில் சிகிச்சை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிராமங்களில் 'டிபி சார்' என்றால்தான் என்னைத் தெரியும். விசா விதிகளில் நான் நிபுணன் இல்லை. ஆனால் இந்த நோயையும், இதைப் பற்றி நம் குடும்பங்களுக்கு இருக்கிற பயத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. நம் ஊர்களில் தெருவுக்கு நாலு பேர் சவூதி, குவைத், துபாய் போனவர்கள். அங்கே வேலைக்குப் போக 'மெடிக்கல்' பார்க்கும்போது, என்றோ வந்து குணமான டிபியின் தழும்பு படத்தில் தெரிந்தாலே அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். வட்டிக்கு வாங்கி ஏஜென்டிடம் கட்டிய பணம் போன வீடுகள் எத்தனையோ. அதனால் 'டிபி இருந்ததை வெளியே சொல்லாதே' என்பது நம் குடும்பங்களில் ஒரு பாடமாகவே ஆகிவிட்டது.

படிக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து போன்ற நாடுகள் பார்ப்பது, இப்போது உடம்பில் பரவக்கூடிய டிபி இருக்கிறதா என்பதைத்தான். தழும்பு இருந்தால் கூடுதலாகச் சில பரிசோதனை கேட்பார்கள். நோயே இருந்தாலும், சிகிச்சையை முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். அங்கே ஆளை முடக்குவது பெரும்பாலும் நோய் இல்லை, கைவசம் காகிதம் இல்லாததும் கடைசி நேரத்தில் ஓடுவதும்தான்.

வீட்டுக் கதையைக் கேளுங்கள்

ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன்னாலேயே செய்யக்கூடிய வேலை இது. அம்மா அப்பாவை உட்கார வைத்துக் கேளுங்கள்: எனக்குச் சின்ன வயதில் டிபி மாத்திரை கொடுத்தீர்களா? வீட்டில் யாருக்காவது இருந்ததா?

நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். வேறு மாதிரி கேட்க வேண்டும். 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். எடை ஏறாத, அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைகளுக்கு நம் பக்கத்து டாக்டர்கள் சாதாரணமாகச் சொன்ன பெயர் அது. அது டிபிக்கான சிகிச்சைதான் என்று பல பெற்றோருக்குத் தெரியாது. 'நெஞ்சுல கட்டி', 'கழுத்துல நெறி கட்டினது', 'நுரையீரல்ல நீர் கோத்தது' என்றெல்லாமும் வீட்டில் பேர் வைத்திருப்பார்கள். விசா படிவத்தில் 'எப்போதாவது டிபிக்குச் சிகிச்சை எடுத்தீர்களா' என்று ஒரு கேள்வி வரும். அதற்கு உண்மையான பதில் தெரிய வேண்டும் என்றால் இப்படித் தோண்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது தாத்தா, அப்பாயி. கூடத்தில் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிற வீடுகள் நம்முடையவை. டிபி தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கிற கிருமியை, மூடிய இடத்தில் பல மணி நேரம் கூடவே இருப்பவர் சுவாசிப்பதால்தான் பரவுகிறது. அப்படித் தொற்றினாலும் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் வாழ்நாள் முழுக்க நோய் வராது. 5 முதல் 10 பேருக்குத்தான் வரும், அதிலும் முதல் இரண்டு வருடங்களில்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே கடந்த இரண்டு வருடத்துக்குள் வீட்டில் யாருக்காவது டிபி வந்திருந்தால், விசாவுக்கு என்று காத்திருக்காமல் இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் பணம் வாங்குவதில்லை.

பழைய சிகிச்சை இருந்தது என்று தெரிந்தால் காகிதத்தைத் தேடுங்கள். சிகிச்சை அட்டை, ஓ.பி. சீட்டு, முடிந்தபோது கொடுத்த சான்று, எல்லாவற்றையும்விட முக்கியமாக அந்தக் காலத்து எக்ஸ்ரே ஃபிலிம். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தழும்பு அப்படியே மாறாமல் இருக்கிறது என்றால் டாக்டருக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். ஃபிலிமை டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் போட்டால் ஐப்பசி மழை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, உயரமான இடத்தில் வையுங்கள்.

காகிதம் எதுவும் இல்லையா? சிகிச்சை எடுத்த ஊரின் காசநோய்ப் பிரிவுக்கு ஆதாரோடு போங்கள். 2012 முதல் தனியார் மருத்துவர்களும் டிபி நோயாளியை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதி இருப்பதால், தனியாரில் பார்த்திருந்தாலும் 'நிக்ஷய்' என்கிற அரசின் டிபி நோயாளிப் பதிவில் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, என்ன மருந்து, எப்போது முடிந்தது, முடிவு என்ன, இந்த நான்கும் உள்ள ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். மொட்டையாக 'குணமாகிவிட்டது' என்று மட்டும் எழுதிய கடிதம் வெளிநாட்டு டாக்டருக்கு உதவாது.

கொரடாச்சேரி பக்கம் ஒரு பையன். பத்தாவது படிக்கும்போது டிபி வந்து சுத்தமாகக் குணமானவன். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்று வீட்டில் எல்லாக் காகிதத்தையும் கொளுத்திவிட்டார்கள். பின்னால் இங்கிலாந்து விசாவுக்குப் படம் எடுத்தபோது மேல் நுரையீரலில் தழும்பு தெரிந்தது. சளி கல்ச்சர், அதாவது சளியில் கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை, அதன் முடிவு வரும்வரை காத்திருந்தான். முடிவு நல்லபடியாகத்தான் வந்தது, ஆனால் செப்டம்பர் வகுப்பு போய்விட்டது. ஜனவரியில்தான் சேர முடிந்தது. படம் எடுக்கக் கடைசி வாரம்வரை காத்திருந்ததும் ஒரு காரணம். அவன் அம்மா அழுததை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

எந்த நாட்டுக்கு என்ன

பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் டிபி சான்றிதழ் காட்ட வேண்டும். அந்த அரசு அங்கீகரித்த மையத்தில் எடுத்த எக்ஸ்ரே மட்டுமே செல்லும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் எவ்வளவு நல்ல படம் எடுத்திருந்தாலும் விசாவுக்கு ஆகாது. மையங்களின் பட்டியல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இருக்கிறது. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். படத்தில் ஏதாவது தெரிந்தால் சளி கேட்பார்கள். கல்ச்சர் முடிவுக்கு 8 வாரம்வரை ஆகும். இந்த 8 வாரத்தைக் கணக்கில் வைத்துத்தான் தேதி போட வேண்டும். செப்டம்பரில் வகுப்பு என்றால் மே மாதமே படம் எடுத்துவிடுங்கள். 'விசா ஃபைல் போடும்போது பார்த்துக்கலாம்' என்று சொல்கிற கன்சல்டன்சிக்காரருக்கு இந்த நோயைப் பற்றித் தெரியாது.

என் யோசனை ஒன்று: முன்பு டிபி இருந்தவர்களும், வீட்டில் யாருக்காவது டிபி இருந்தவர்களும், விசா படத்துக்கு முன்னாலேயே உள்ளூரில் ஒரு படம் எடுத்து நெஞ்சு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். என்ன தெரியும் என்பது முன்கூட்டியே தெரிந்தால், சரியான காகிதங்களோடு அங்கே போகலாம்.

ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அந்தந்த அரசு நியமித்த டாக்டரிடம் முழு உடல் பரிசோதனை. அதில் எக்ஸ்ரேவும் ஒன்று. பழைய டிபியின் தடயம் இருந்தால், விசா கொடுத்துவிட்டு, அங்கே போய் இறங்கியதும் சுகாதாரத் துறையிடம் காட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். கனடாவில் இதற்குப் பொதுவாக 30 நாள் தவணை. புது ஊர், வகுப்பு, வேலை தேடல் என்று அலைகிற அவசரத்தில் பிள்ளைகள் மறந்துபோவது இதைத்தான். விசாக் கடிதத்தில் அந்த வரி இருந்தால் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா வேறு மாதிரி. மாணவர் விசாவுக்கு வழக்கமாக எக்ஸ்ரே கேட்பதில்லை. கேட்பது பல்கலைக்கழகம். இந்தியா போன்ற, டிபி அதிகம் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களை ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். முடிவைக் கொடுக்காவிட்டால் பாடங்களுக்குப் பதிவு செய்யவே விடாத பல்கலைக்கழகங்கள் உண்டு. அந்த ரத்தப் பரிசோதனையின் பெயர் ஐஜிஆர்ஏ. கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கிற மான்டூ பரிசோதனையைவிட நமக்கு இது நல்லது. ஏனென்றால் நமக்கெல்லாம் பிறந்ததும் பிசிஜி என்கிற டிபி தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அந்த ஊசியாலேயே மான்டூவில் தடிப்பு வரலாம். ஐஜிஆர்ஏவைப் பிசிஜி ஏமாற்றாது.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ரத்தம் எடுத்த குழாய் வழக்கமாக 16 மணி நேரத்துக்குள் இன்குபேட்டருக்கு, அதாவது உடம்புச் சூட்டில் வைக்கிற ஆய்வகப் பெட்டிக்கு, போய்ச் சேர வேண்டும். நம் ஊர்க் கலெக்‌ஷன் சென்டரில் மத்தியானம் எடுத்து, ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு அனுப்பி, மறுநாள் யாரோ போய் எடுத்தால் முடிவு குழப்பமாக வரும். எங்கே, எத்தனை மணிக்கு இன்குபேட்டரில் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள். இரண்டாவது, அதே பல்கலைக்கழகம் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) தடுப்பூசியும் கேட்கும். அது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. போட்ட சில வாரங்களுக்கு டிபி பரிசோதனை முடிவைக் கெடுக்கலாம். முதலில் ரத்தம் கொடுத்துவிடுங்கள், அல்லது இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள். ஊசி முதலில் போட்டாயிற்று என்றால் குறைந்தது 4 வாரம் விட்டு ரத்தம் கொடுங்கள்.

சளி கொடுப்பது

இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு 'நெகட்டிவ்' வாங்கிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விசாவுக்கும் அப்படித்தான், எச்சில் கொடுத்தால் மறுபடி வரச் சொல்வார்கள்; நாள் போகும்.

காலையில் எழுந்ததும், ஒன்றும் சாப்பிடாமல் கொடுக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். காலையில் வெறும் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். காற்றோட்டமான திறந்த வெளியில், யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் நில்லுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விடுங்கள். இரண்டு தடவை அப்படிச் செய்துவிட்டு, மூன்றாவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். தொண்டையைக் கனைப்பது வேறு, நெஞ்சிலிருந்து இருமுவது வேறு. செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். டப்பாவை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து நேராக அதற்குள் துப்புங்கள். கெட்டியாக, கொழகொழவென்று, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அது சளி. நுரைநுரையாகத் தண்ணீர் மாதிரி இருந்தால் எச்சில், மறுபடி முயற்சி செய்யுங்கள். இருமலே இல்லாதவருக்குச் சளி வராது. அப்படி என்றால் வெறும் கையோடு திரும்பாமல் அங்கேயே சொல்லுங்கள், உப்புநீர் ஆவி பிடிக்க வைத்துச் சளி எடுப்பார்கள்.

ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால்

ஐஜிஆர்ஏ பாசிட்டிவ் என்றால் டிபி நோய் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் கிருமி எப்போதோ உள்ளே வந்து, உடம்பின் காவலில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். கிருமி அப்படித் தூங்குகிறவரால் யாருக்கும் பரவாது. நம் நாட்டில் இப்படி இருப்பவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. எக்ஸ்ரே எடுத்து, அறிகுறி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, தடுப்புச் சிகிச்சை எடுக்கச் சொல்வார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. வாரம் ஒரு தடவை வீதம் 12 வாரம் எடுக்கிற மருந்தும் வந்துவிட்டது. 3 மாதம், 4 மாதம், 6 மாதம் தினமும் எடுக்கிற வகைகளும் உண்டு. எது உங்களுக்கு என்று டாக்டர் சொல்வார். புறப்பட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே ஆரம்பித்துப் பாதியில் விடாதீர்கள். அங்கே போய் ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள். பிரிட்டனில் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்து 5 வருடம் ஆகாத, 16 முதல் 35 வயதுக்குள் உள்ளவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையைக் குடும்ப டாக்டர் மூலமாகவே செய்கிற திட்டம் இருக்கிறது. அழைப்பு வந்தால் போங்கள்.

அங்கே போன பிறகு

விசா படம் அந்த நாளுக்கான பதில் மட்டுமே. உள்ளே தூங்கும் கிருமி, ஊர் மாறி, தூக்கம் கெட்டு, வேளைக்குச் சாப்பாடு இல்லாமல் உடம்பு தளரும்போது எழுந்துகொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற வேர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் ரத்தம், கழுத்தில் வலியில்லாத கட்டி. இதில் எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா சமையல் இல்லாததால் இளைத்துவிட்டேன் என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அந்த நாட்டு டாக்டர்கள் பலர் டிபியை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் வாக்கியத்திலேயே நீங்கள் சொல்லிவிடுங்கள்: நான் இந்தியாவிலிருந்து வந்தவன், எங்கள் வீட்டில் இன்னாருக்கு டிபி இருந்தது, எனக்கு அதற்குப் பரிசோதனை வேண்டும் என்று. இதைச் சொல்ல வெட்கப்படவே கூடாது. உலகத்தில் டிபி வருகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார். டாக்டருக்கு அது உபயோகமான தகவல்.

பெற்றோருக்கும் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் அனுப்புகிற பார்சலில் ஆன்டிபயாட்டிக் அட்டையைச் செருகாதீர்கள். குறிப்பாக லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை. அவை தனியாக டிபிக் கிருமியைக் கொஞ்சம் அடக்கும், முழுசாக ஒழிக்காது. இருமல் பத்து நாள் குறையும், பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகும், நோய் உள்ளே வளரும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நோய் முற்றி வந்தவர்களை இந்த வட்டாரத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

நோய் உறுதியானால் பயந்து பெட்டியைக் கட்டி ஊருக்கு ஓடி வராதீர்கள். நுரையீரல் டிபியோடு விமானத்தில் ஏறுவது மற்றவர்களுக்கும் ஆபத்து, விடவும் மாட்டார்கள். பிரிட்டனில் டிபி சிகிச்சை யாராக இருந்தாலும் இலவசம். அமெரிக்காவிலும் பெரும்பாலும் உள்ளூர் சுகாதாரத் துறையே பார்த்துக்கொள்ளும். டிபி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் பிரிட்டனில் விசாவைப் பிடுங்குவதில்லை. நோய் விவரம் ரகசியமாக இருக்கும். கூட இருந்தவர்களைப் பரிசோதிக்கும்போதும் யாரிடமிருந்து என்று பெயர் சொல்ல மாட்டார்கள். அறைத் தோழர்களின் பெயரை நர்ஸ் கேட்டால் முழுசாகக் கொடுங்கள். அவர்களைக் காப்பாற்றுகிற வேலை அது.

தனிமைப்படுத்துவது பொதுவாக முதல் இரண்டு வாரம்தான்; மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். நம் தாத்தா காலத்தில் டிபி என்றால் செங்கிப்பட்டி, தாம்பரம் என்று மாதக்கணக்கில் சானடோரியத்தில் விட்டுவிட்டு வருவார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும், வீட்டாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்கு நிரூபித்தது 1956ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான். 1959ல் வந்த அதன் முடிவுதான் உலகம் முழுக்கச் சிகிச்சை முறையை மாற்றியது.

சாதாரண டிபிக்கு 6 மாத மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரத்தம் இல்லை. மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதிலும் நிறம் ஏறும், கண்ணாடிக்கு மாறுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கிற பெண்கள் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அதைப் பலிக்க விடாது. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் மங்கினாலோ அன்றைக்கே கூப்பிடுங்கள். மது வேண்டாம், கல்லீரல் தாங்காது. இரண்டாவது மாதம் பசி எடுத்து, எடை ஏறி, எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அங்கேதான் பலர் மாத்திரையை விடுகிறார்கள். அந்தச் சமயத்தில் அம்மா தினமும் வீடியோ காலில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்பது பெரிய உதவி. சில ஊர்களில் நர்ஸே அப்படி வீடியோவில் பார்ப்பார்.

நடுவில் விடுமுறைக்கு ஊர் வருவதானால், பரவாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே டிக்கெட் போடுங்கள். வருகிற நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாக, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். செக்‌-இன் பெட்டியில் வேண்டாம். மருந்துகளின் பெயர், அளவு, ஆரம்பித்த தேதி, எந்தெந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்ற ஆய்வக முடிவு, இவை உள்ள கடிதம் ஒன்று. இங்கே நீண்ட நாள் தங்க வேண்டி வந்தால் அந்தக் கடிதத்தோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும், நிக்ஷயில் பதிந்து மருந்தை இலவசமாகத் தொடர்வார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மருந்து மட்டும் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது, விமானத்தில் இருக்கிற நாளும் சேர்த்து.